ஏழாம் குப்பி எச்சில்

காலை 9.40. கிர்கிஸ்தான், ஓஷ் நகரப் பல் மருத்துவமனை.

ஏழாம் குப்பி எச்சிலில் முக்கி எடுத்த பட்டையில் இரண்டாவது கோடு விழுந்தது.

"ஈறு உள்ளுக்குள்ள அரிக்குது. நீ போக முடியாது சைகால்," என்றார் டாக்டர் மகாபத்.

சைகால் தெமிர் கோமுஸ் வாசிப்பவள். அந்தச் சின்ன இரும்பு வாத்தியத்தை முன்பல்லில் அழுத்திப் பிடித்துத்தான் மீட்ட வேண்டும். ஈறு கெட்டால் பல் ஆடும், பல் ஆடினால் வாசிப்பும் போச்சு. அதனால்தான் வெளிநாட்டு விழாவுக்குக் கிளம்பும் குழுவுக்கு எச்சில் சோதனை வைத்தார்கள். ஈறு அரிக்கத் தொடங்கினாலே எச்சிலில் ஒரு நொதி ஏறும். கண்ணுக்குத் தெரியும் முன்பே பட்டை காட்டிக்கொடுத்துவிடும். பேருந்து ஒரு மணிக்கு. பத்து வருஷ உழைப்பு அதற்குள் மண்ணாகப் போகிறது!

"எனக்கு ஈறுல ரத்தம்கூட வந்ததில்ல டாக்டர். இன்னொரு தடவ பாருங்க."

"ஒருத்தருக்கு ஒரு பட்டைதான். அதான் விதி."

நல்ல விதி! கணவன் எர்மெக் அவள் தோளைத் தொட்டான்.

"விடு, வீட்டுக்குப் போலாம். விடிஞ்சதிலேருந்து ஒரு வாய் டீகூடக் குடிக்கல. எனக்குத் தல சுத்துது."

ஆய்வுக்கூடத்துத் தோதுகுல் நிமிர்ந்து பார்த்தாள். இருபது வருஷமாக ஊரார் எச்சிலைச் சோதித்துச் சோதித்து, மனுஷர் வாய்ச்சொல் எதையும் நம்பாதவள். குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அடியில் பச்சையாக ஏதோ படிந்திருந்தது. ஏட்டில் 'பச்சைத் தேநீர்' என்று டாக்டர் எழுதியிருந்தார்.

"துப்புற வரைக்கும் ஒண்ணும் சாப்பிடக் கூடாதுன்னு சொன்னாங்க. சத்தியமா நான் டீ குடிக்கலக்கா," என்றாள் சைகால்.

தோதுகுல் லிட்மஸ் தாளை முக்கினாள். அது கருநீலமானது.

காலை 10.15. வேன் ஓட்டி சஞ்சார். கீழுதட்டுக்குள் நாஸ்வாய்ப் புகையிலையை அடக்கியிருந்தான். சைகால் நின்றால் அவன் தங்கைக்குத்தான் வாய்ப்பு.

"குப்பி உன் வண்டியிலதானே வந்துச்சு?" என்று கேட்டாள் தோதுகுல்.

"பூட்டின பெட்டியிலக்கா. சாவி எங்க நூகாத் ஊர் நர்ஸ்கிட்ட ஒண்ணு, உங்ககிட்ட ஒண்ணு. பூட்டப் பாருங்க, கீறல்கூட இல்ல."

"குப்பிய நர்ஸ்கிட்ட யார் குடுத்தா?"

"எர்மெக். சைகால் துப்பிட்டுப் பால் கறக்கப் போயிட்டாளாம். அப்புறம் ரெண்டு பேரும் என் வண்டியிலதான் வந்தாங்க."

"உன் தங்கச்சிக்காக நீ எதுவும் பண்ணல?"

"அவளா? அவ வாசிச்சா எங்க வீட்டு நாயே எந்திரிச்சுப் போயிடும்!"

காலை 11.00. தோதுகுல் எல்லோருக்கும் டீயும் ரொட்டியும் காய்ந்த தயிர் உருண்டையும் வைத்தாள். கல் மாதிரி உருண்டையை சஞ்சார் கடகடவென்று கடித்தான். எர்மெக் தன்னுடையதை டீயில் போட்டு ஊறவிட்டான்.

"நீ நாஸ்வாய் போடுவியா தம்பி?" என்று எர்மெக்கிடம் கேட்டாள் தோதுகுல்.

"எப்பவாச்சும்."

"இன்னிக்கி?"

"காலைல ஒரு சிட்டிகை. அது என்ன சாப்பாடா? அடக்குறோம், துப்புறோம். முழுங்கவா செய்றோம்?"

தோதுகுல் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"டாக்டர், இது சைகால் எச்சில் இல்ல. இவன் எச்சில்."

குப்பியை மறுபடி தூக்கிக் காட்டினாள்.

"டீ தாள இப்படி நீலமாக்காது, சுண்ணாம்பு ஆக்கும். அடியில கிடக்கிற பச்சை நாஸ்வாய்த் தூள், அதுல சுண்ணாம்பு கலப்பாங்க."

"சஞ்சாரும்தான் போடுறான்," என்றார் டாக்டர்.

"பெட்டி பூட்டியிருந்துச்சு. அதுக்கு முன்னாடி குப்பி தனியா இருந்தது இவன் கையில மட்டும்தான். அவன் கல்லக் கடிக்கிறான், இவன் பல்லுக்கு முடியாம ஊறவச்சுத் தின்றான். அதெல்லாம் விடுங்க." எர்மெக் பக்கம் திரும்பினாள். "விடிஞ்சதும் ஒண்ணும் சாப்பிடக் கூடாதுங்கிறது எச்சில் குடுக்கிறவளுக்கு. ஒன்ன யாருப்பா பட்டினி கிடக்கச் சொன்னா?"

பாவி மனுஷன், விதியை ஒழுங்காகத்தான் கடைப்பிடித்திருந்தான். நாஸ்வாய் மட்டும் அவன் கணக்கில் வரவில்லை.

"எனக்கு ரெண்டு வருஷமா ஈறுல ரத்தம்," என்றான் எர்மெக், தரையைப் பார்த்தபடி. "பட்டையில விழும்னு தெரியும். அதான் அவளோடதக் கொட்டிட்டு நான் துப்பினேன். வெளிநாடு போனவங்க எத்தன பேர் திரும்பி வந்தாங்க? இவளும் வரமாட்டான்னு பயந்துட்டேன்."

"என் வாய மூட உன் வாயக் குடுத்தியா?" என்றாள் சைகால்.

பகல் 12.20. சைகால் வாய் கொப்பளித்து ஒரு மணி நேரம் காத்திருந்து, டாக்டர் கண்முன்னாலேயே துப்பினாள். முதல் பட்டை எர்மெக் கணக்கில் போனது; புதுப் பட்டையில் ஒரே கோடு. டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டு, எர்மெக்கை நாற்காலியில் உட்காரவைத்து வாய்க்குள் விரல் விட்டார்.

"கீழ் முன்பல் நாலும் ஆடுது. ரெண்ட இன்னிக்கே எடுக்கணும். மத்ததாவது மிஞ்சுதான்னு பாப்போம்."

எர்மெக் சைகாலின் கையைப் பிடித்துக்கொண்டான். "பயமா இருக்கு. எடுத்து முடிக்கிற வரைக்குமாவது இரேன்."

மணி 12.40. சைகால் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"சொல்லியிருந்தா ரெண்டு வருஷம் முன்னாடியே நானே கூட்டிட்டு வந்திருப்பேனே," என்றாள். அழுதுகொண்டே பையை எடுத்தாள். பேருந்து நிலையத்துக்கு நடந்தாள்.