நடுங்காத குட்டி

"ராத்தா, குட்டிக்குக் குளிருது" என்று இனாஸ் இரண்டாம் தரமும் சொன்னான்.

"அதுக்கு உடம்பெல்லாம் மயிர் இருக்கு. உனக்குத்தான் ஒண்டுமில்ல. போய்ப் போர்த்திக்கொண்டு இரு" என்றாள் றிஷ்னா. அவளுக்குப் பதினொரு வயது, தம்பிக்கு ஆறு. தாயை இழந்த அந்த ஆட்டுக்குட்டிக்குப் போத்தலில் பால் கொடுத்து வளர்ப்பவன் அவன்தான்.

டிசம்பர் மழை நேற்றுப் பின்னேரம் கரைத்தீவைப் பிடித்தது. மழை வந்தால் உப்பளக்காரர் முதலில் மூடுவது உப்பைத்தான். ஆட்கள் நனைந்தால் காய்ந்துவிடுவார்கள். உப்பு நனைந்தால் கரைந்துவிடும். வாப்பாவின் உப்புக் குவியலை மூட ஒரு தறப்பாள் குறைந்தது. றிஷ்னா ஆட்டுக் கொட்டிலின் கூரையில் கிடந்ததைக் கழற்றிக்கொண்டு ஓடினாள்.

"கெட்டிக்காரி" என்றார் வாப்பா. எங்கே எடுத்தாய் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

இன்று காலையில் மழை தூறலாகியிருந்தது. காற்று மட்டும் நிற்கவில்லை. உம்மா மதுரங்குளிக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. கொட்டிலின் மூலையில் குட்டி நனைந்து கிடந்தது.

"பார், நடுக்கமும் நிண்டுட்டு. சரியாப் போச்சு" என்றாள்.

போத்தலை நீட்டினாள். குட்டி வாய் திறக்கவில்லை. விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். மற்ற நாட்களில் சுடச்சுட விரலைச் சப்பும் வாய் அது. இன்று கிணற்றுத் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்திருந்தது.

"கூரை எங்க ராத்தா?"

"நான்தான் கழட்டிக் குடுத்தன்."

இனாஸ் குனிந்து குட்டியின் முதுகைத் தடவினான். அவன் ஏசியிருந்தால் நல்லது என்றிருந்தது அவளுக்கு.

குட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு ஓடினாள். துவாயால் துடைத்து, அடுப்புப் பக்கம் உட்கார்ந்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"பால் குடுப்பமா?"

"விழுங்க மாட்டாது. முதல்ல சூடு வரட்டும்."

வெகு நேரம் கழித்துக் குட்டி அசைந்தது. பிறகு உடம்பு முழுக்க நடுங்கத் தொடங்கியது.

"ஐயோ, திரும்பவும் நடுங்குது."

"நடுங்கட்டும்டா. சூடு திரும்புது. நல்லா நடுங்கட்டும்."

அப்போதுதான் வாப்பாவின் நினைவு வந்தது. விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு உப்பளத்துக்குப் போனவர் அவர். குட்டியை இனாஸின் மடியில் வைத்துவிட்டு, வாப்பா மாற்றி உடுக்க ஒரு காய்ந்த சாரத்தையும் பிளாஸ்கில் தேத்தண்ணீரையும் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

வாப்பா தறப்பாளின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். மூன்று முறை முயன்றும் முடிச்சு விழவில்லை. விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை.

"குளிருதா வாப்பா?"

"விடியக் கொஞ்சம் நடுங்கினன். இப்ப அதுவுமில்ல. உடம்பு பழகிட்டு."

"குட்டியும் நடுங்காமத்தான் கிடந்திச்சு" என்றாள் றிஷ்னா. மீதியைச் சொல்லும்போது அவளால் நிமிர முடியவில்லை. "இது கொட்டில்ட தறப்பாள் வாப்பா."

"நேத்தே ஏன் சொல்லல்ல?"

"கெட்டிக்காரி எண்டு சொன்னீங்க. அதான்."

வாப்பா தறப்பாளைப் பார்த்தார். தன் விரல்களையும் பார்த்தார். பிறகு தறப்பாளை இழுத்தெடுத்தார்.

"உப்பு கரையுமே வாப்பா."

"கரையுறது கரையட்டும். நட."

கொட்டிலுக்குக் கூரை போட்டுவிட்டு, சாரத்தை மாற்றிக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் பற்கள் கிடுகிடுக்க, கோப்பையிலிருந்து தேத்தண்ணீர் சிந்தியது.

இனாஸ் எழுந்து போய் வாப்பாவின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தான்.

"சூடு வந்திட்டு ராத்தா" என்றான்.

காலையிலிருந்து குனிந்தே இருந்த றிஷ்னா அப்போதுதான் நிமிர்ந்து சிரித்தாள்.