சுவருக்குள் போகும் வயர்

கரண்ட் போனதும் அக்காவின் ஆக்ஸிஜன் மெஷின் நின்றது. அதன் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

குட்டி அதை உடனே கவனிக்கவில்லை. மெஷினின் எச்சரிக்கை மணி காதைத் துளைக்க, அடுப்படியிலிருந்து ஓடி வந்து, மூலையில் நின்ற சிலிண்டரைக் கட்டிலருகே உருட்டி, அக்காவின் மூக்குக் குழாயை மெஷினிலிருந்து பிடுங்கி அதில் மாட்டி வால்வைத் திருகினாள். அக்காவின் உதட்டில் ஏறியிருந்த நீலம் மெல்ல இறங்கியது. அப்புறம்தான் அவளுக்குக் காது திறந்தது. எங்கோ ரொம்பப் பக்கத்தில் அதே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. உஸ்ஸென்று ஒரு இழுப்பு, டொக்கென்று ஒரு தட்டு, மறுபடி உஸ்.

பக்கத்து வீட்டு வாஷிங் மெஷினாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். வாசல் கதவின் அடியில் மாடிப்படி விளக்கின் வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. கட்டடம் முழுக்கக் கரண்ட் இருந்தது, அவர்கள் வீட்டைத் தவிர.

ஏழு நிமிடம் கழித்துக் கரண்ட் தானாகவே வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் பக்கம், லிஃப்ட் உண்டு என்று பார்த்துத்தான் போன மாதம் இந்த மூன்றாவது மாடி வீட்டுக்கு வாடகைக்கு வந்திருந்தார்கள். அக்காவுக்கு அவளைவிடப் பதிமூன்று வயது அதிகம். அம்மா போனபின் நூல் மில்லில் சேர்ந்து, பஞ்சுத் தூசியைத் தின்றே தங்கையை வளர்த்தவள். அந்தத் தூசிதான் இப்போது நுரையீரலில் உட்கார்ந்துகொண்டு அவளைத் தின்றது. தங்கைக்கு முப்பத்தாறு வயதாகியும் அக்காவுக்கு அவள் குட்டிதான். ஒரு மூச்சுக்கு இரண்டு சொல்லுக்கு மேல் அக்காவால் பேச முடியாது. "குட்டி... தண்ணி." "குட்டி... தூங்கு."

எலக்ட்ரீஷியன் வந்தார். வேலையில் நரைத்த மனிதர். மெயின் சுவிட்ச் பலகையைக் கழற்றி, நியூட்ரல் வயர் தளர்ந்திருக்கிறது என்று இறுக்கிவிட்டுப் போனார். இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் நான்கு முறை போனது.

போன நேரத்தையெல்லாம் குட்டி மருந்துச் சீட்டின் பின்னால் எழுதி வைத்தாள். ஃபிரிட்ஜை அணைத்துப் பார்த்தாள், ஹீட்டரை அணைத்துப் பார்த்தாள். எதுவும் ஒத்துவரவில்லை. நான்காம் நாள் சீட்டைத் திரும்பப் படித்தபோதுதான் புரிந்தது. அவள் குளிக்கப் போனபோது. குப்பை கொட்டப் போனபோது. மருந்துக் கடையில் நின்றபோது. அக்காவின் பக்கத்தில் அவள் இருந்த நேரத்தில் ஒருமுறைகூடப் போகவில்லை.

மறுநாள் மத்தியானம் மழையில் நனைந்துகொண்டு வந்த எலக்ட்ரீஷியனிடம் இதைச் சொன்னாள்.

"கரண்டுக்கு ஆள் அடையாளம் தெரியாதும்மா," என்று சிரித்தார் அவர். "இருங்க, இன்னிக்கு ஒரு முடிவு பாத்துடலாம்."

அக்காவைச் சிலிண்டருக்கு மாற்றிவிட்டு மெயினையே அணைத்தார். வீடு அடங்கியது. கீழே போய் மீட்டரைப் பார்த்துவிட்டு வந்தவரின் முகத்தில் சிரிப்பு இல்லை.

"எல்லாம் ஆஃப். ஆனா மீட்டர் ஓடுது. மெயினுக்கு முன்னாடியே யாரோ லைன் எடுத்திருக்காங்க. அந்தப் பக்கம் இழுக்கும்போது உங்களுக்கு வராமப் போகுது."

பலகையின் பின்னால், பழைய வயர்களுக்கு அடியில், ஒரு கறுப்பு வயர் இருந்தது. டெஸ்டரோடு அதன் வழியைத் தொடர்ந்தார். ஹாலைக் கடந்து, அக்காவின் அறைக்குள் நுழைந்து, கட்டிலின் தலைமாட்டுச் சுவரோரம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அது வெளியே எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி சுவருக்குள் போனது.

"அந்தப் பக்கம் யார் வீடு?"

"வீடு இல்லைங்க. அது வெளிச்சுவர்."

ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். மழை. மூன்று மாடி ஆழம். வழவழவென்று நனைந்த சுவர். ஒரு வயரும் வெளியே வரவில்லை.

அவர் மண்டியிட்டுச் சுவரில் காதை வைத்தார். வெகுநேரம் அப்படியே இருந்தார். பிறகு எழுந்தார். கட்டிலில் கண்மூடிக் கிடந்த அக்காவையும் குட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்களை வீட்ல குட்டின்னு கூப்பிடுவாங்களாம்மா?"

"ஆமா. ஏன்?"

அவர் பையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு நடந்தார். மெயினை மட்டும் போட்டுவிட்டார். குட்டி அக்காவை மெஷினுக்கு மாற்றிவிட்டு வாசல்வரை பின்னாலேயே ஓடினாள்.

"அதை வெட்டி விட்டுட்டுப் போங்க. உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்."

"என்னால வெட்ட முடியாதும்மா. நீங்களும் தொடாதீங்க. இந்த வீட்டை விட்டுப் போயிடுங்க." லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியிறங்கினார்.

மெஷினின் மணி அடித்தது.

ஓடினாள். சிலிண்டரின் வால்வைத் திருகினாள். அளவு காட்டும் முள் பூஜ்யத்தில் கிடந்தது; அத்தனை தடவை மாட்டியதில் தீர்ந்திருந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். ரோட்டில் இடுப்பளவு தண்ணீர், ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார்கள். வீட்டு ஓனரின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அக்காவின் உதடு நீலமாகி, விரல் நுனி நீலமாகி, வாய் மீனைப்போலத் திறந்து மூடியது. சுவருக்குள் உஸ், டொக், உஸ். கொஞ்சமும் தடங்கலில்லாமல்.

எலக்ட்ரீஷியன் மறந்துவிட்டுப் போன கட்டிங் பிளேயர் தரையில் கிடந்தது. ரப்பர் செருப்பை மாட்டினாள். மண்டியிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாள்.

பளிச்சென்று ஒரு பொறி. கருகிய ரப்பர் வாடை. அடுத்த கணம் விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது, அக்காவின் மெஷின் மூச்சுவிட ஆரம்பித்தது.

குட்டி நிம்மதியில் தரையிலேயே சாய்ந்து அழுதாள். 

அப்போது சுவருக்குள் யாரோ தட்டினார்கள்.

உள்ளங்கையால். மெதுவாக. பிறகு வேகமாக. காற்றுக்குத் தவிக்கும் ஓர் இழுப்பு. இத்தனை நாள் ராப்பகலாக அவள் பக்கத்திலிருந்து கேட்ட இழுப்பு.

"குட்டி... மூச்சு."

சுவரில் காதை அழுத்தினாள்.

"குட்டி... முடியலடி."

அந்த 'டி'. அந்தக் கரகரப்பு. உலகத்தில் ஒருத்திக்குத்தான் அந்தக் குரல்.

"அக்கா?" என்றாள் சுவரிடம்.

"விடு, குட்டி," என்றது கட்டிலிலிருந்து ஒரு குரல். "கொஞ்ச நேரம் அப்படித்தான் தட்டிக்கிட்டு இருக்கும், அப்புறம் தானா அடங்கிடும், நீ எழுந்து முகத்தைக் கழுவிட்டு என் பக்கத்துல வந்து உக்காரு."

ஒரே மூச்சில். திக்காமல்.

குட்டி திரும்பினாள். அக்கா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மூக்குக் குழாய் போர்வைமேல் கிடந்து வெறும் காற்றைச் சீறிக்கொண்டிருந்தது. உதட்டில் நீலம் இல்லை. மார்பு ஏறவில்லை. இறங்கவில்லை.

குட்டி சுவர்ப்பக்கம் பாய்ந்தாள். வெட்டிய வயரைப் பிடித்துப் பல்லால் உரித்தாள். ஈறு கிழிந்தது. உரித்தாள். சுவருக்குள் தட்டல் தளர்ந்துகொண்டே வந்தது. இதோ அக்கா. இதோ. ஒரு நிமிஷம். தாமிரம் தெரிந்தது. மற்ற முனையைத் தேடினாள். கை வழுக்கியது. ரத்தம்.

பின்னால் கட்டில் கிரீச்சிட்டது. வெறுங்கால் தரையில் பதிந்தது. ஒன்று. இன்னொன்று.

சுவருக்குள் நகம் கீறியது. ஒருமுறை. நீளமாக. கீழ்நோக்கி.

பிறகு ஒன்றும் இல்லை.

நீண்ட, சில்லிட்ட விரல்கள் அவள் கையிலிருந்த வயரைப் பரிவோடு பிரித்து எடுத்தன. பின்னங்கழுத்தோடு ஒட்டி ஒரு முகம் வந்து நின்றது. முடி உரசியது. உதடு காதைத் தொட்டது.

மூச்சு மட்டும் படவில்லை.