பதினேழாம் எண் கோப்பு

திரையின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. 'கடைசியாகத் திறந்தது: இன்று பகல் 11.42.'

கிருஷ்ணம்மாள் அதை இரண்டு முறை படித்தாள். 11.42க்கு அவள் தாலுகா ஆபீஸ் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். இந்த அறை பூட்டியிருந்தது. சாவி அவள் கைப்பையில் இருந்தது. கடவுச்சொல்லை அவள் எங்கும் எழுதி வைத்ததில்லை.

அரியலூர் கடைத்தெருவுக்குப் பின்சந்தில், உரக்கடை மாடியில் இருந்த அந்த ஒற்றை அறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கணவன் கையால் சாகவிருந்து தப்பி வந்த பெண்களை, பிள்ளைகளோடு வேறு ஊரில் ஒளித்து வைப்பது அவள் வேலை. 2006 மே மாதக் கணக்குப்படி இருபத்து மூன்று குடும்பங்கள். யார் எந்த ஊரில், எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்பது அவளுக்கும் இந்தக் கணினிக்கும் மட்டுமே தெரியும். முன்பு நோட்டில்தான் எழுதி வைத்திருந்தாள். நோட்டு தொலைந்தால் உயிர் போகுமே அக்கா என்று சொல்லி, இணையத்தில் பூட்டு போட்டு வைக்கும்படி இந்த மென்பொருளை எழுதிக் கொடுத்தவன் மணிவேல். கீழப்பழுவூர்க்காரன், திருச்சியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறான். ஒரு பெண்ணின் வெந்த முதுகைப் படத்தில் பார்த்து அழுதவன். அன்றிலிருந்து அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறாள்.

சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்று மெயின்ரோட்டில் போக, ஜன்னல் கண்ணாடி வெகுநேரம் நடுங்கி அடங்கியது. கீழேயிருந்து படியேறி வந்த யூரியா நெடி, வெயிலில் காய்ந்த தூசியோடு கலந்து தொண்டையில் படிந்தது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை கிளிக் என்றது. அவள் முதல் கோப்பைத் திறந்தாள். 11.20. இரண்டாவது, 11.21. மூன்றாவது, அதே 11.21. யாரோ வரிசையாக, ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறார்கள். பதினாறாம் கோப்பு 11.38. பதினேழு 11.42. பதினெட்டைத் திறந்தாள். அதை யாரும் தொடவில்லை. அதற்குப் பிறகு எதையுமே தொடவில்லை.

தேடியது கிடைத்துவிட்டது.

பதினேழு, பொன்னுத்தாய். வேப்பந்தட்டையில் ஓட்டு வீடு. ஆறு வயது மகள் அனிதா. வலிப்பு உண்டு, காலையும் மாலையும் மாத்திரை. நாயைக் கண்டால் நடுங்குவாள். அம்மாவின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாள். எல்லாம் கிருஷ்ணம்மாள் ஆசையாய் ஆசையாய்த் தட்டச்சு செய்து வைத்தவை.

கடவுச்சொல்லை மாற்றினாள். மாற்றிவிட்டுப் பதினேழை மறுபடி திறந்தாள்.

'கடைசியாகத் திறந்தது: இன்று பகல் 2.55.'

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். 2.56. பதினேழை அவள் பார்த்து மூடியது கால்மணி நேரத்துக்கு முன்பு.

நாற்காலியை விட்டு எழுந்து கதவின் தாழ்ப்பாளைப் போட்டாள். போட்டபிறகுதான், வந்தவன் இந்தக் கதவு வழியாக வரவில்லை என்பது உறைத்தது.

மணிவேலுக்கு போன் போட்டாள். அவன் முதலில் சிரித்தான், கணினிக் கடிகாரம் தப்பாக ஓடும் என்றான். கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் யாரோ திறந்திருக்கிறார்கள் என்றதும் குரல் இறங்கியது.

"அக்கா... நீங்க மாத்துனது உங்க சாவிய. இன்னொன்னு இருக்கு."

"என்ன இன்னொன்னு?"

"புரோகிராமுக்குள்ளயே ஒரு பாஸ்வேர்டு எழுதி வச்சிருக்கேன். நீங்க மறந்துட்டா நான் உள்ள வந்து சரி பண்ணணும்ல. அதப் போட்டா எல்லாக் கோப்பும் தொறக்கும். நீங்க எத மாத்துனாலும் அது மாறாது."

"உனக்கு மட்டும்தான தம்பி தெரியும்?"

அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். ஒரே மென்பொருளைத்தான் ஏழெட்டு இடங்களுக்கு விற்றிருக்கிறான். எல்லாவற்றிலும் அதே பாஸ்வேர்டுதான். பிரித்துப் படிக்கத் தெரிந்தவன் எவனும் எடுத்துக்கொள்ளலாம். சென்ற மாதம் ஒருவர், தானும் இதுபோல ஒரு இல்லம் நடத்துவதாகச் சொல்லி நேரில் வந்து சிடியில் வாங்கிப் போனாராம். பெயர் நினைவில்லை. நல்ல மாதிரியாகப் பேசினாராம்.

"உங்க ஆபீஸப் பத்தியும் கேட்டாருக்கா. பெருமையாச் சொன்னேன்."

அவள் ரிசீவரை வைத்தாள். அது சரியாக உட்காரவில்லை. மறுபடி வைத்தாள். பொன்னுத்தாய் வீட்டுப் பக்கத்து மளிகைக்கடைக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. போலீசுக்குச் சொன்னால் முதலில் முகவரியைத்தான் கேட்பார்கள். முகவரியை யாரிடமும் சொல்லாமலிருப்பதே இத்தனை வருடம் அவள் செய்த வேலை. கை போனுக்குப் போய்த் திரும்பியது.

பெரம்பலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெள்ளைத் தூசி படிந்த முட்செடிகளும் தோண்டிப்போட்ட சுண்ணாம்புக் குழிகளும் பின்னால் ஓட, கடந்து போகும் ஒவ்வொரு காருக்குள்ளும் அவள் எட்டிப் பார்த்தாள், எதைத் தேடுகிறோம் என்று தெரியாமலே. பெரம்பலூரில் இறங்கி ஓடி அடுத்த பஸ் பிடித்தாள். அது ஊருக்கு ஊர் நின்றது. யாரோ ஆட்டுக்குட்டியோடு ஏறினார்கள். யாரோ சில்லறைக்குச் சண்டை போட்டார்கள். வேப்பந்தட்டையில் இறங்கும்போது மலைக்குப் பின்னால் வெயில் இறங்கியிருந்தது.

மளிகைக்கடை பூட்டியிருந்தது. தெருவில் ஆள் இல்லை.

ஓட்டு வீட்டின் கதவு திறந்திருந்தது.

உள்ளே விளக்கு. தாளித்த வாசனை. ஆள் அசையும் நிழல்.

"வாங்கக்கா," என்றாள் பொன்னுத்தாய், அடுப்படியிலிருந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு. அடி இல்லை, காயம் இல்லை. சிரித்தாள். கிருஷ்ணம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

"நீங்களும் வருவீங்கன்னு அவரு சொல்லவே இல்லீங்களே."

"எவரு?"

"நீங்க அனுப்புன சாருதான். மூணரை மணி வாக்குல வந்தாரு. பதினேழாம் நம்பர் நீதானம்மான்னாரு. எனக்கே தெரியாது பாருங்க நம்பரெல்லாம்." கரண்டியைக் கழுவிக்கொண்டே பேசினாள். "அனிதாவ பெரம்பலூர்ல பெரிய டாக்டருகிட்ட காட்டணும்னு கூட்டிட்டுப் போயிருக்காரு. நானும் வரேன்னேன். நீ வெளிய வந்தா உன் புருசன் ஆளு பாத்துருவான், உன்னய வெளிய விடக்கூடாதுன்னு கிருஷ்ணம்மா அக்கா சொல்லிருக்காங்கன்னாரு. நெசந்தான, நீங்கதான அப்புடிச் சொல்லுவீங்க."

கிருஷ்ணம்மாள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"தெருமுனையில நாய் கெடந்துச்சு. அவ பயப்படுவான்னு தூக்கிக்கிட்டே போனாரு. கட்டவெரல நீட்டுனாரு, கப்புன்னு புடிச்சுக்கிட்டா. வேத்தாளுகிட்ட போகவே மாட்டா அவ."

மாடத்தில் மாலை மாத்திரை அட்டை அப்படியே இருந்தது. பார்த்ததை உணர்ந்து பொன்னுத்தாய் சொன்னாள், "டாக்டரே புதுசாக் குடுப்பாருன்னு சொன்னாரு."

வெளியே பஸ் வந்து நிற்கும் சத்தம். பொன்னுத்தாய் ஈரக்கையோடு வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். பஸ் கிளம்பிப் போனது. இறங்கியவர் யாரும் இல்லை.

"அடுத்ததுல வருவாங்க," என்று சொல்லிக்கொண்டே வந்து, சிறிய தட்டில் ரசஞ்சோற்றைப் போட்டு விரலால் குழையப் பிசைந்தாள். சூடாக இருந்தால் அனிதா சாப்பிடமாட்டாள் என்று வாசற்படியோரம் ஆற வைத்தாள். பிறகு கிருஷ்ணம்மாளின் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏங்க்கா கை இப்புடி சில்லுன்னு இருக்கு?" என்றாள். "நீங்க இருக்குறப்ப எங்களுக்கு என்ன பயம்."

தெருவில் இருட்டு கட்டிக்கொண்டு வந்தது. இருவரும் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.