இழுக்க இழுக்க இறுகுவது

கொடிக்கயிற்றில் அவள் காலையில் போட்டது சாதாரண முடிச்சு. பொழுது சாய்ந்து துணி எடுக்கப் போனபோது அங்கே இருந்தது அவள் கணவனுடைய முடிச்சு. லாரியில் பாரம் கட்டுகிறவன் போடுவது, இழுக்க இழுக்க இறுகுவது. அவனோ காலையில் போனவன் இன்னும் திரும்பவில்லை.

தெருக்காவல் குழுவில் அவனுக்குப் பட்டப்பெயரே முடிச்சுதான். திருடன் என்று யாரைப் பிடித்தாலும் போலீஸ் ஜீப் வரும்வரை கட்டி வைப்பது அவன் வேலை. போன வாரம் தண்ணீர்த் தொட்டித் தூணில் ஒருவனைக் கட்டிப் பேர் கேட்டு அடித்தார்கள். "ம்ம்... ம்ம்..." என்றான். திமிர் என்று மறுபடி அடித்தார்கள். ஜீப்பை இன்னொருவர் கூப்பிட்டிருப்பார் என்று ஆளாளுக்கு நினைத்து, வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார்கள். விடிந்தபோது அவன் உடம்பில் உயிர் இல்லை. பேச்சு வராதவன் என்பது அவன் அக்கா வந்து அழுத பிறகுதான் தெரிந்தது. ஸ்டேஷனில் மாரடைப்பு என்று முடித்து, குழுவுக்கு ஆளுக்கொரு டார்ச் கொடுத்தார்கள்.

"அந்தக்கா தினம் ஸ்டேஷன் வாசல்ல நிக்கறா. போய் உள்ளதைச் சொல்லுங்க," என்று இன்று காலையிலும் சண்டை போட்டாள்.

"யாரும் வாயத் திறக்கறதில்லன்னு பேசி வச்சிருக்கோம். நீ சோத்தப் போடு."

மனுஷனா இவன்?

துணியை அள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். ஈரச் சுவர் வாடைக்கும் குழாய் சொட்டும் சத்தத்துக்கும் நடுவே, எங்கோ கயிறு தூணில் உரசுவதுபோல மெல்லிய சத்தம் ஒன்று, நின்று நின்று கேட்டது. ஜன்னல் திரையில் அதே முடிச்சு. அரிசிப் பையின் வாயில் அதே முடிச்சு. முந்தானை கனத்தது. குனிந்து பார்த்தாள்.

அதிலும்.

சத்தம் நின்றது. கதவு தட்டப்பட்டது.

கணவன்தான். சட்டையெல்லாம் வியர்வை.

"போய்ச் சொல்லிட்டீங்களா?"

ஸ்டேஷன் இருக்கும் திசையைக் காட்டினான். தலையில் அடித்துக்கொண்டான். "ம்ம்... ம்ம்..."

அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "செத்தவனைக் கேலி பண்றீங்களா? நல்லாயிருப்பீங்களா நீங்க?"

அவன் அழுதான். இடுப்பிலிருந்த டார்ச்சை அவள் கையில் திணித்து, மண்டியிட்டு, வாயை அகலத் திறந்தான்.

வெளிச்சத்தை அடித்தாள்.

உள்ளே அவன் நாக்கு முடிச்சாகக் கிடந்தது. அவன் ஏதோ சொல்ல முயன்றான். அது இறுகியது.