ஏழரை மணிக்கு உங்க பேரு

“எஸ்டேட் ஆஸ்பத்திரி மெஷின்ல ஒரு கோளாறும் இருக்காதுங்க சார். அங்க உட்கார்ந்திருக்கிற பொண்ணுக்கு ஒண்ணும் தெரியலை. தினமும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா எந்த சர்வர் தாங்கும்? அப்படியே ரிப்போர்ட் எழுதிடறேன்...”

கோத்தகிரியிலிருந்து கட்டபெட்டு போகும் பஸ்ஸில், ஒருவன் ஊருக்கே கேட்கும்படி போனில் பேசிக்கொண்டு வந்தான். முன் சீட்டில் இருந்த ராஜகுமாரி திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவின் முட்டிவலிக்கு வாங்கிய தைலப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் முட்டிய நீரை இவன் எதிரிலா விடுவது? சீ!

இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. போனில் பேசியவன் நனைந்தபடி ஓடிவந்து, நிற்கும் அத்தனை பேரையும் விட்டுவிட்டு அவளிடமே வந்து கேட்டான்.

“ஏனுங்க, எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு எந்தப் பக்கமுங்க?”

“என்கூடவே வாங்க. அந்த ஒண்ணும் தெரியாத பொண்ணு நாந்தானுங்க.”

அப்போதுதான் அவள் கண்களைப் பார்த்தான் இசக்கிமுத்து. கோபத்தில் சிவந்த கண்கள்... அதற்குள் இவ்வளவு நீரா? மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அதற்குள் அவள் குடையை விரித்துக்கொண்டு பத்தடி முன்னால் போயிருந்தாள். வேண்டும் அவனுக்கு!

அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் சீட்டுப் பதியும் கம்ப்யூட்டர் அவள் பொறுப்பு. தேயிலைக் கொழுந்து பறிக்கக் கூடை சுமந்த குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கும் முதல் ஆள் அவள்தான். அதற்கும் வந்தது வினை. ஒன்றரை மாதமாகத் தினமும் காலையில் மெஷின் உறைந்துபோகிறது. எட்டரை மணிக்கு எஸ்டேட்டில் பெரட்டு. அங்கே பேர் கொடுக்காவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. காய்ச்சலோடு சீட்டுக்கு நிற்கும் ஜனம் அவளைத்தானே திட்டும்? மெஷினைப் பராமரிக்கும் கோயம்புத்தூர் கம்பெனி ஆள் வந்து இவள் தவறென்று எழுதிவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று மேனேஜர் அருள்ராஜ் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அந்த ஆள்தான் இதோ, சட்டை சொட்டச் சொட்ட எதிரில் உட்கார்ந்திருக்கிறான்.

அவள் நீட்டிய பதிவேட்டில் இசக்கிமுத்து என்று எழுதிவிட்டு, அவன் ஒரு கறுப்புத் திரையைத் திறந்து ஏதோ தட்டினான். எண்கள் வரிவரியாக வந்து மாறிக்கொண்டே இருந்தன.

“இது என்னங்க?” கேட்கக்கூடாது என்றுதான் இருந்தாள். வாய் கேட்டுவிட்டது.

“இதுக்குப் பேரு டாப். இந்த நிமிஷம் மெஷினுக்குள்ள யார் யார் வேலை செய்யறாங்க, யார் எவ்வளவு இழுக்கறாங்கன்னு காட்டும்.”

“எங்க கங்காணி மாதிரின்னு சொல்லுங்க.”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வரப் பார்த்தது... உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

“பாருங்க, சும்மா தூங்குது. நான் கோயம்புத்தூர்ல இருந்து பார்த்தப்பவும் இப்படித்தான்.”

“எத்தனை மணிக்குப் பார்த்தீங்க?”

“ஆபீஸ் வந்ததும்... பத்து, பத்தரைக்கு.”

“பத்து மணிக்கு எங்க ஊட்டு அடுப்பும்தான் தூங்கும்! காலையில ஏழரைக்கு இங்க உட்கார்ந்து பாருங்க சார். அப்புறம் யாருக்கு ஒண்ணும் தெரியலைன்னு எழுதுங்க.”

அவனுக்குச் சுருக்கென்றது. கோத்தகிரியில் அறை எடுத்துத் தங்கினான். அந்தக் கண்கள்தான் தூங்கவிடவில்லை, பாவம்.

மறுநாள் ஏழேகாலுக்கே வந்துவிட்டான். வாசலில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். ராஜகுமாரி ஒவ்வொருவரின் வலியையும் கேட்டுக்கேட்டுப் பதிந்தாள். ஏழரை அடித்தது. திரை அப்படியே நின்றது.

“உட்கார்ந்திருக்கா பாரு மகராசி! தினமும் இதே கூத்து!” என்று யாரோ கத்தினார்கள்.

வழக்கம்போல அவள் கை பட்டனுக்குப் போனது.

“ஒரு நிமிஷமுங்க... அணைக்காதீங்க. அணைச்சா ஆளு தப்பிச்சிடும்.” அவன் வேறொரு கட்டளையைத் தட்டினான். ஒரு பத்தியில் இருந்த சைபர் தொண்ணூறு ஆனது. “விஎம்ஸ்டாட்னு பேரு. மெஷினோட மூளை வேலையே செய்யலை பாருங்க. டிஸ்க்குக்காகக் காத்துட்டு நிக்குது. யாரோ டிஸ்க்கை மொத்தமா வளைச்சுப் பிடிச்சிருக்காங்க.”

மறுபடி டாப்பைத் திறந்தான். அவள் குனிந்து பார்த்தாள்.

“மேல இருக்கிற நேரம் என்னங்க, ரெண்டுன்னு காட்டுது? சுவத்துல ஏழரை ஆகுதே...”

அவன் விரல்கள் நின்றுவிட்டன. உலக நேரம்! இந்த மெஷினின் கடிகாரம் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. ஒன்றரை மாதத்துக்கு முன்னால், எல்லாரும் தூங்கும் இரண்டு மணிக்குப் பதிவுகளை நகல் எடுக்கச் சொல்லி ஏற்பாடு செய்தவன் யார்? சாட்சாத் அவனேதான். மெஷினின் இரண்டு மணி, இங்கே ஏழரை.

டிஸ்க்கை இழுப்பது யார் என்று காட்டும் ஐஓடாப்பைத் தட்டினான். முதல் வரியிலேயே அவன் பெயர். இசக்கி என்று ஆங்கில எழுத்தில், பளிச்சென்று.

சட்டென்று அந்த வேலையை நிறுத்தித் திரையை மூடினான். மெஷின் உயிர் பெற்றது.

“சரியாயிடுச்சுங்க...” என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவ்வளவுதானா? ராஜகுமாரி அவனையே பார்த்தாள். பத்தாவது வரை படித்தவளுக்கு ஒரு பெயரைப் படிக்கத் தெரியாதா? மேனேஜர் எட்டு மணிக்கு வருவார். அதுவரை பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டு சீட்டுக் கொடுத்தாள்... ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு தரம் கடிகாரத்தைப் பார்த்தாள்.

இசக்கிமுத்து மேனேஜர் அறையில் ரிப்போர்ட் படிவத்தோடு உட்கார்ந்திருந்தான். மெஷின் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுதிவைத்த பழைய பதிவுகள் எதிரில் இருந்தன. தினமும் ஏழரைக்கு நெரிசல். ஏழே முக்காலுக்கு அவள் அணைத்துப் போட்டிருக்கிறாள். அவள் அணைத்ததால்தான் நகல் வேலை செத்து, ஜனத்துக்குச் சீட்டுக் கிடைத்திருக்கிறது. நகல் ஒன்றுகூட முழுசாக இல்லை. ஒன்றரை மாதமாக அதைத் திறந்தே பார்க்காதவனும் அவன்தான்.

அடுத்த மாதம் அவனுக்குப் பதவி உயர்வு. ‘காரணம்’ என்ற இடத்தில் ‘ஊழியர் தவறு’ என்று இரண்டு வார்த்தை எழுதினால் போதும்... யாருக்குத் தெரியப்போகிறது?

பேனா நகரவில்லை. அருள்ராஜ் உள்ளே வந்தார்.

“என்ன தம்பி, அந்தப் பொண்ணு மேலதானே தப்பு?”

அவன் எழுந்தான். வெளியே, ராஜகுமாரியின் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான். அவரும் பின்னாலேயே வந்தார்.

“தப்பு என்மேல சார். நான் வெச்ச வேலைதான் தினமும் காலையில மெஷினை அமுக்கியிருக்கு. இவங்க அணைச்சுப் போடலைன்னா ஒம்பது மணி வரைக்கும் ஒருத்தருக்கும் சீட்டு கிடைச்சிருக்காது. நேத்து இவங்களுக்கு ஒண்ணும் தெரியலைன்னு பஸ்ஸுல பேசினேன். அதுக்கும் எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேட்டுக்கறேன்.”

“உங்க கம்பெனிக்கு எழுதுவேன் தம்பி. சும்மா விடமாட்டேன்,” என்றார் அருள்ராஜ். பிறகு ராஜகுமாரியைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். “திங்கட்கிழமை வழக்கம்போல வந்துடும்மா.”

வரிசை கரைந்து ஜனம் பெரட்டுக்குக் கிளம்பிய பிறகு, வராந்தா தூணோரம் நின்றிருந்தவனிடம் அவள் வந்தாள். மழை சாரலாகியிருந்தது.

“நான் பார்த்தேனுங்க. ஏழரைக்கு... உங்க பேரை.”

அவன் திடுக்கிட்டான். “அப்பவே சொல்லியிருக்கலாமே? உங்க வேலைங்க அது!”

“மேனேஜர் வந்தும் நீங்க வாயைத் திறக்கலைன்னா நானே சொல்றதாத்தான் இருந்தேன். எங்கம்மா முட்டி இனிமே கூடை தாங்காதுங்க. யாருக்காகவும் இதை விட்டுக்கொடுக்க முடியாது.” அவள் குரல் தாழ்ந்தது. “ஆனா நீங்களா சொல்லணுமேன்னு மாரியாத்தாளை வேண்டிக்கிட்டேன்...”

“எதுக்குங்க?”

“நேத்து உங்க மேல வந்த கோபம் எப்பவோ போயிடுச்சு. அந்த இடத்துல வேற என்னமோ வந்து உட்கார்ந்துடுச்சு... நீங்க பொய் சொல்ற ஆளுன்னு ஆகிட்டா, நான் அதை என்னங்க பண்ணுவேன்?”

இசக்கிமுத்து தூணைவிட்டு அவள் பக்கம் வந்தான்.

“என்னை ரொம்ப நல்லவன்னு நினைச்சுடாதீங்க. அந்த நாற்காலியில வேற யாராவது இருந்திருந்தா, பேசாம நகல் எடுக்கிற நேரத்தை மாத்திட்டு பஸ் ஏறியிருப்பேன். உங்களைத்தான் என்னால அப்படி விட்டுட்டுப் போக முடியலை... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க.”

அவள் நிமிர்ந்து, நனைந்த கண்களால் அவனை நேராகப் பார்த்தாள்.

“இனிமே யார் உட்கார்ந்திருந்தாலும் உண்மையைச் சொல்லணும்ங்க.”

“சொல்றேன். கூடவே இருந்து பார்த்துக்கறீங்களா?”

“பார்த்துக்கறேன்,” என்றாள் ராஜகுமாரி.