கணுவைத் திருகித் தா

திருகி எடுத்த இடம் காயவே இல்லை.

அது முள்ளில்லாத தொங்குகள்ளி. தண்டெல்லாம் தட்டையான கணுக்கள், குளிர்காலம் வந்தால் நுனிக்கு நுனி சிவப்புப் பூ. அம்மா வளர்த்தது. ஒரு கணுவைத் திருகி எடுத்தால் வடு மறுநாளே உலர்ந்துவிடும். இப்போதோ தங்கையின் தையற்கடை ஜன்னலோரம், மழை ஈரமும் மிஷின் எண்ணெய் வாடையும் கலந்த காற்றில், அத்தனை வடுக்களும் ஈரமாக மினுமினுத்தன.

அம்மா போனதும் அக்காதான் செடியைத் தூக்கி வந்து கொடுத்தாள். "நீதானே அம்மாவுக்குச் செல்லம், வச்சுக்கோ. எனக்கு அப்பப்ப ஒரு கணு குடு, நட்டுக்கறேன். கத்தி படக்கூடாது. செடி யாருதோ அவங்கதான் கையால திருகணும். நம்ம வீட்டு வழக்கம்."

முடக்குவாதத்தில் மடங்கிய விரல்களை நீட்டி அக்கா கேட்கும்போது யாருக்குத்தான் மனசு இரங்காது? தங்கை உச்சி குளிர்ந்து திருகித் திருகிக் கொடுத்தாள். ஒவ்வொரு முறையும் விரலில் சொடக்கு எடுத்தது போல ஒரு சத்தம்.

முதலில் வலக்கைச் சுண்டுவிரல் மரத்தது. அப்புறம் மோதிரவிரல். துணியில் ரத்தம் பரவிய பிறகுதான் ஊசி குத்தியதே தெரிந்தது. வேலை ஜாஸ்தி, வேறென்ன என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். விரல் போனால் கடை போச்சு, கடை போனால் சோறு ஏது? நடுவிரலும் நிமிர மறுத்த அன்றுதான் உறைத்தது. அக்கா வந்து போகும்போதெல்லாம் ஒரு விரல். அப்படியே கிளம்பினாள்.

அக்கா வீட்டில் கதவு திறந்திருந்தது. உள்ளே ஈர மண் வாசனை. ஜன்னல் திட்டில் தொட்டிகள், எல்லாம் பூத்துக் குலுங்கின. அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். விரல்கள் நேராக இருந்தன.

"அக்கா... உன் கை?"

"வாடி." தலை நிமிரவில்லை. "ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும்தான் இன்னும் கொஞ்சம் பிடிக்குது."

தெரிந்தே கேட்டிருக்கிறாள். முதலிலிருந்தே. கூடப் பிறந்தவள்.

பாய்ந்துபோய் இடக்கையால் ஒரு கணுவைப் பிடித்து இழுத்தாள்.

"பிடுங்காதடி. உனக்குத்தான் வலிக்கும்."

இழுத்தாள். மரத்த சுண்டுவிரலில் சுளீரென்று வலி. இன்னும் இழுத்தாள். மண் பிளந்தது.

வேர் இல்லை.

வெளுத்த விரல் நுனி. நகத்தோடு. ஊசி குத்திய தழும்போடு.

அது மெல்ல மடங்கி, மண்ணை இறுகப் பற்றிக்கொண்டது.