மூன்றாவது முறை கூப்பிடட்டும்

கூரைமேல் பனி தள்ளிக்கொண்டிருந்த பஷாரத், சுவரின் அடியிலிருந்து மனைவியைக் கூப்பிட்டான்.

"நுஸ்ரத்..."

காங்கிரிச் சட்டியின் தணலைக் கிளறிக்கொண்டிருந்த நுஸ்ரத்தின் கை நின்றது. மேலே பனி தள்ளும் மரத்துடுப்பு தகரக் கூரையை உரசும் கர்ர், கர்ர் சத்தம் விடாமல் கேட்டது. மூன்று நாளாகக் கரண்ட் இல்லை, செல்போன்கள் செத்துவிட்டன, பனி ஜன்னலில் முக்கால்வாசி ஏறிவிட்டதால், கரிப்புகையும் ஈரக் கம்பளி வாடையும் அடைந்துகிடந்த அறைக்குள் பிற்பகல் மூன்று மணிக்கே மெழுகுவர்த்தி எரிந்தது. சற்றுமுன் கூரையிலிருந்து பெரும் பாளமாகப் பனி சரிந்து விழுந்ததில் வீடே ஒருமுறை குலுங்கியிருந்தது.

எழுந்தவளின் அங்கியைக் கணவனின் அக்கா தஸ்லீமா பிடித்து இழுத்தாள்.

"உக்காருடி. அவன் மேல வேலையா இருக்கான். காது கேக்கல?"

"கீழேருந்து கூப்பிட்டாரு அக்கா."

"அதான் சொல்றேன். கொட்டுற பனியில பேரச் சொல்லிக் கூப்பிட்டா, மூணு தடவ ஆகுற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. ராந்தஸ் பேய் ரெண்டுக்கு மேல கூப்பிடாது."

"இன்னமும் பேய்க்கதைதானா?"

"பி.ஏ. படிச்சவதானே, போய்க் கதவத் தொற. அது உன்ன இழுத்துட்டுப் போனா தம்பிக்கு வேற பொண்ணு பாக்கணும். ரோடு தெறக்கவே பத்து நாளாகும்."

"நுஸ்ரத்."

இந்த முறை பஞ்சுமூட்டைக்குள்ளிருந்து வருவதுபோல மெலிந்திருந்தது.

இரண்டு குடும்பத்திலும் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் அவள். இந்த மாதிரிக் கதைகளுக்கெல்லாம் விடுதியில் விழுந்து விழுந்து சிரித்தவள். ஆனாலும் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். மூன்றாவது முறை கூப்பிடட்டும் என்று காத்திருந்தாள்.

கூப்பிடவில்லை.

மேலே கர்ர், கர்ர். பத்துத் தள்ளு தள்ளினால் பஷாரத் நின்று மூச்சு வாங்குவான், இருமுவான், கரண்ட் ஆபீஸ்காரர்களின் ஏழு தலைமுறையையும் திட்டுவான். இந்தத் துடுப்பு நிற்கவில்லை. இருமவில்லை. ஒரே சீர். ஒரே இடம். அவர்கள் தலைக்கு நேர் மேலே.

தஸ்லீமாவின் கையை உதறிவிட்டு வெளியே ஓடினாள். காற்று முகத்தில் அறைந்தது. ஜன்னலை ஒட்டி, கூரையிலிருந்து சரிந்த பனி மேடாகக் கிடந்தது. அதில் ஒரு துடுப்பின் முறிந்த பிடி துருத்திக்கொண்டிருந்தது.

துடுப்பு இங்கே. சத்தம் மேலே.

வெறுங்கையால் தோண்டினாள். நகம் பிய்ந்தது. கம்பளிக் குல்லாய். நெற்றி. கன்னம் இன்னும் முழுதாகச் சில்லிட்டிருக்கவில்லை. திறந்த வாய் நிறைய பனி. விரல் விட்டு வழித்தாள். மூச்சில்லை.

கூரையில் சத்தம் நின்றது.

பனி தள்ள பஷாரத் பரண் ஏணி வழியாகத்தான் கூரைக்கு ஏறியிருந்தான். குளிர் இறங்காமலிருக்கப் ஏணியடிக் கதவைத் தஸ்லீமா அறைப்பக்கமிருந்து தாழிட்டிருந்தாள். இப்போது யாரோ அந்த ஏணியில் இறங்கும் சத்தம்.

"தஸ்லீமா அக்கா." பஷாரத்தின் குரல். வீட்டுக்குள்ளே.

நுஸ்ரத் கத்தினாள். காற்று அதை வாயிலேயே அடைத்தது.

"தஸ்லீமா அக்கா."

ஜன்னலை அறைந்தாள். பனி அந்த அடியை வாங்கிக்கொண்டது.

"தஸ்லீமா அக்கா."

"வரேன்டா தம்பி, வரேன். கையெல்லாம் வெறைச்சுப் போச்சா?"

தாழ்ப்பாள் நகர்ந்தது. பனி மூடாத கண்ணாடிக் கீற்றில், மெழுகுவர்த்தி வெளிச்சத்துக்குக் குறுக்கே, அந்த வாசலுக்கு மிக உயரமான ஒன்று குனிந்து உள்ளே வந்தது.